நல்ல வாடகைக்காரர் என்னும் ஆபத்து

டுரியான் துங்காலுக்குப் போகிற சாலையில், பெட்ரோல் நிலையத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் தாமான் மெலூர் தெனாங். அந்தத் தாமான் குடியிருப்பில் மூலை வீட்டின் சொந்தக்காரர் யார் என்று யாரைக் கேட்டாலும் அந்தோணிராஜ் என்றுதான் சொல்வார்கள். அந்தோணிராஜும் பல வருடங்களாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். வீட்டுப் பத்திரத்துக்கு மட்டும் வேறு அபிப்பிராயம் இருந்தது.

வீடு வாங்கும்போது அவருக்கு வயது ஏறிவிட்டது. இந்த வயதில் கடன் கிடையாது என்று வங்கி கையை விரித்துவிட்டது. அதனால் கம்பெனி லாரி ஓட்டிச் சேர்ந்த சேமநிதியை மொத்தமாக எடுத்து முன்பணமாகக் கட்டி, கடனை மகன் பிரையன் பேரில் வாங்கி, வீட்டையும் அவன் பேரிலேயே எழுதினார். நம்மவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் வீடு வாங்குகிறார்கள். "யார் பேர்ல இருந்தா என்னா சார், நம்ப பையன்தானே," என்று வக்கீல் ஆபீஸில் அவர் பெருமையாகச் சொன்னபோது, வக்கீல் தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். வாயைத் திறந்தால் அதற்கும் கட்டணம் போடவேண்டும் என்பதாலோ என்னவோ, பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தோணிராஜுக்குச் சொந்த வீடு என்றால் ஒரு கிறுக்கு. அவர் பிறந்த தோட்டத்தை விற்றபோது, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுச் சட்டி பானையோடு லாரியில் ஏறியவர் அவர். இனிமேல் ஒருவரும் தன்னை எழுந்து போ என்று சொல்லக்கூடாது என்று அன்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்த முடிச்சின் பேர்தான் மூலை வீடு.

இப்படிப்பட்டவரை வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சங்கம் செயற்குழுவுக்கு அழைத்தால் போகாமல் இருப்பாரா? யாரிடமிருந்து பாதுகாப்பு என்பது சங்கத்தின் பேரில் இல்லை. கூட்டத்துக்குப் போனால் தெரிந்துவிடும். சங்கத் தலைவர் தனபாலனுக்கு அந்தத் தாமானில் ஒரு வரிசை வீடு இருந்தது. எதிலும் அவர் குடியிருக்கவில்லை. தஞ்சோங் கிளிங்கில் கடல் தெரிகிற மாடியில் இருந்துகொண்டு, தாமானின் நலனைப் பற்றிக் கவலைப்பட மாதம் ஒருமுறை காரில் வந்துபோனார். அவருக்கு வேண்டியது ஓய்வாக இருக்கிற, எல்லா வீட்டுக்குள்ளும் நுழையக்கூடிய, ஊருக்கு வேண்டிய ஒரு ஆள். அந்தோணிராஜுக்குப் பச்சை நிறத்தில், இருட்டிலும் மின்னுகிற ஒரு மேல்சட்டை கொடுத்தார்கள். முதுகில் 'மதிப்பீட்டாளர்' என்று அச்சடித்திருந்தது.

"ரோட்டுல குழி தோண்டுற ஆளு மாதிரி இருக்கீங்க," என்றாள் அவர் மனைவி அகதா.

"உனக்கு என்னா தெரியும். இது பொறுப்பு."

"பொறுப்பைக் கழட்டி வெச்சிட்டு மீனை அலசிக் குடுங்க," என்றாள். கோலா சுங்கை பாருவிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்த மீன் வாளியில் காத்திருந்தது.

முதல் பயிற்சிக் கூட்டம் பொது மண்டபத்தில் நடந்தது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் உண்டு என்று அறிவித்திருந்ததால் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. எல்லோரும் எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, சங்க உறுதிமொழியைச் சொன்னார்கள். "வீடு என்னுடையது. உள்ளே இருப்பவர் வந்தவர். வந்தவர் போவார்." அந்தோணிராஜ் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னார். சொந்த வீட்டுக்காரர் என்கிற நினைப்பில் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

பிறகு தனபாலன் பேசினார்.

"உரிமையாளர்களே, ஒரு வீட்டுக்கு மூணு எதிரி. கரையான், வெள்ளம், வாடகைக்கு இருக்கிற ஆளு. கரையானுக்கு மருந்து இருக்கு. வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு. மூணாவதுக்கு என்னா இருக்கு? இவ்வளவு நாளா மனிதாபிமானம்தான் இருந்துச்சு. அது வேலைக்கு ஆகலை. எனக்கு யார் மேலயும் கோபம் கிடையாதுலா. வீட்டுல ஆளு இருக்கிறது ஒண்ணுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

கைத்தட்டல் ஓய்ந்ததும் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த நிபுணர் ராகினி எழுந்தாள். சின்ன வயது, பெரிய கண்ணாடி, கையில் ஒரு டேப்லெட். அந்த டேப்லெட்டில் இடர்ப் புள்ளி ஒன்று கூடினால் 'டிங்' என்று மணி அடிக்கும் என்று தொட்டுக் காட்டினாள்.

"எல்லாரும் என்கிட்ட வாடகை குடுக்காத ஆளை எப்படி வெளியாக்குறதுன்னு கேக்குறாங்க," என்றாள். "சார், அது ஒரு பிரச்சனையே இல்ல. அவங்க ஒரு நாளு அவங்களாவே ஓடிடுவாங்க. நாளைக்கு உங்களுக்கு வீடு வேணும், போங்கன்னு சொல்றீங்க. அப்ப யாரு அழுவாங்க? யாரு போக மாட்டேன்னு நிப்பாங்க? யாருக்காக அக்கம்பக்கம் பேச வரும்? அதைத்தான் நாங்க அளக்குறோம். இதுக்குப் பேரு வெளியேற்ற இடர்."

அந்தோணிராஜ் கையைத் தூக்கினார். "அப்ப, ஒழுங்கா வாடகை கட்டி, வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கிற ஆளு?"

"அவங்கதான் சார் ஹை ரிஸ்க்."

மண்டபத்தில் எல்லோரும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்கள். அந்தோணிராஜுக்குப் புரியவில்லை. ஆனால் தனக்குப் புரியாததை ஒரு பெண் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறாளே என்று அவருக்கு மதிப்புதான் கூடியது. நம் ஆட்களிடம் இந்த வியாதி உண்டு. புரியாதது எதுவானாலும் படிப்பு என்று எடுத்துக்கொள்வோம்.

அடுத்த சனிக்கிழமை வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் உறுதிமொழி எடுத்துக்கொண்டுதான் நுழையவேண்டும். யார் என்ன கொடுத்தாலும் குடிக்கக்கூடாது. ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால்கூட உறவாகிவிடும் என்பது விதி. பார்த்து முடித்ததும் வாசல் கதவில் ஒரு பிளாஸ்டிக் கொடியைச் சொருகுவார்கள். இடர் குறைவென்றால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், அதிகம் என்றால் சிவப்பு.

முதல் வீடு தனபாலனுடையது. அதில் இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. போகும்போது காற்றாடிகளையும் சமையலறைக் குழாயையும் கழிப்பறையின் மூடியையும் கொண்டுபோயிருந்தார். தனபாலன் அந்த வெறும் வீட்டின் நடுவில் நின்று உருகிப்போனார். "பாருங்க. ஒரு சத்தம் இல்ல, சண்டை இல்ல. நம்பகிட்ட ஒரு நன்றிகூட எதிர்பார்க்காம போயிருக்கான். இந்த மாதிரி மனுசன் இப்ப எங்க கெடைக்கிறான்?" ராகினி பச்சைக் கொடி சொருகினாள்.

இரண்டாவது வீட்டில் பல்கலைக்கழக மாணவர்கள் இருந்தார்கள். எத்தனை பேர் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டதற்கு, பக்கத்தில் வீடு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். பச்சைக் கொடி.

மூன்றாவது, அந்தோணிராஜின் பக்கத்து வீடு. இந்திராதேவி அதில் இரண்டு பெண் பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தாள். காலை பசார் சந்தையில் இட்லியும் தோசையும் விற்கிற தொழில். வீட்டுக்காரர் கோலாலம்பூரில் ஒரு டாக்டர். குறிப்பிட்ட தேதியில் வாடகை போய்ச் சேர்ந்துவிடுவதால், தனக்கு இங்கே ஒரு வீடு இருப்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

"சார், நீங்கதான் பக்கத்து வீடு. நீங்களே சொல்லுங்க," என்று ராகினி டேப்லெட்டை நீட்டினாள்.

சொல்லவா வேண்டும்? அந்தோணிராஜ் வரிந்துகட்டிக்கொண்டு ஆரம்பித்தார். வாடகை ஒரு மாசம் தவறியதில்லை என்றார். டிங். ஒழுகுகிற கூரையைத் தன் செலவில் மாற்றினாள் என்றார். டிங். வெளிச்சுவருக்கு அவளே சாயம் அடித்தாள், பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தாள், தாமானில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சி போவது இந்த வீட்டிலிருந்துதான் என்றார். டிங், டிங், டிங். பிள்ளைகள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் இடம் என்று அவர் சொன்னபோது, டேப்லெட் கோயில் மணி மாதிரி நிற்காமல் அடித்தது. மணி அடிக்க அடிக்க அவருக்கு உற்சாகம் கூடியது. அவர் அதை மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டார். பாவி மனுசன், பயிற்சியில் கேட்டதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ.

இந்திராதேவி ஒரு தட்டில் மைலோ கொண்டுவந்தாள். "வாங்க அங்கிள், மிஸ், தண்ணி குடிங்க." ராகினி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தனபாலன் ஒரு குவளையைக் குடித்தார், இன்னொன்றையும் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு, "விருந்தோம்பல் ரொம்ப அதிகம். எழுதிக்குங்க," என்றார். டிங்.

வாசலில் சிவப்புக் கொடி ஏறியது. இந்திராதேவி அதைப் பரிசு என்று நினைத்துப் பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுத்தாள்.

நாலு நாள் கழித்து அவள் அந்தோணிராஜின் வாசலில் வந்து நின்றாள். சங்கத்தின் அறிக்கை கிடைத்து டாக்டர் போன் செய்திருந்தார். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும்.

"அங்கிள், என்னைப் பத்தி என்னா சொன்னீங்க?"

"நல்லதுதான்மா சொன்னேன். சத்தியமா."

"டாக்டரும் அதைத்தான் சொன்னாரு. ரொம்ப நல்ல மாதிரியாம் நானு. இன்னும் கொஞ்ச நாளு விட்டா எடுக்கவே முடியாதாம்." அவள் அழவில்லை. அவரை நேராகப் பார்த்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அங்கிள். நானும் கொஞ்சம் கெட்டவளா இருந்திருப்பேன்."

அந்தோணிராஜ் அப்போதே காரை எடுத்துக்கொண்டு தஞ்சோங் கிளிங்குக்குப் போனார். போகிற வழியெல்லாம் பொய் யோசித்துக்கொண்டே போனார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், தனபாலன் முன்னால் நின்றதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். இந்திராதேவி சண்டைக்காரி, குப்பையைத் தெருவில் வீசுகிறாள், வாடகை அவள் கட்டுவதே இல்லை, வேறு யாரோ கட்டுகிறார்கள், இப்படி.

தனபாலன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா அங்கிள்! போகச் சொல்ல காரணம் ஒண்ணும் இல்லாம டாக்டர் தூங்கலை, தெரியுமா? இப்ப அவருக்கு மனச்சாட்சி உறுத்தாது." அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டார். மாசக் கடைசி என்பது வாரக் கடைசியாகிவிட்டது.

இந்திராதேவி சாமான் ஏற்றிய அன்று தாமானே திரண்டு வந்தது. ஒருவர் கட்டிலைப் பிடித்தார், ஒருவர் இட்லிக் கொப்பரையைத் தூக்கினார், அகதா பிள்ளைகளை உட்காரவைத்துச் சோறு போட்டாள். ராகினி சாலையின் அந்தப் பக்கம் நின்று படம் எடுத்தாள். "எவ்வளவு பேரு வந்திருக்காங்க பாருங்க. நம்ப கணக்கு எவ்வளவு சரின்னு தெரியுதா?" என்று தனபாலனிடம் சந்தோஷமாகச் சொன்னாள். லாரி கிளம்பும்போது அந்தோணிராஜ் கையைத் தூக்கினார். இந்திராதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று இரவு சாப்பிடும்போது அகதா தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, "இனிமேயும் அந்தச் சட்டையைப் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சங்கத்துக்குள்ளே இருந்தால்தான் அடுத்த ஆளைக் காப்பாற்ற முடியும் என்று அவர் பதில் சொன்னார். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்தச் சட்டை அவருக்குப் பிடித்திருந்தது என்பது அதைவிடப் பெரிய உண்மை. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் கம்பெனி லாரியை ஓட்டியவருக்கு, உரிமையாளர் வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. அதை விட்டு எழுந்திருக்க அவருக்கு மனசு வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை. அந்தோணிராஜ் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தனபாலனும் ராகினியும் ஏற்கெனவே அங்கே நின்று கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவரும் பழக்கத்தில் கையைத் தூக்கி, "வந்தவர் போவார்," என்று முடித்துவைத்தார்.

"இன்னைக்கு எந்த வீடு மிஸ்?"

"இதுதான் சார்."

"இது என் வீடுலா."

ராகினி டேப்லெட்டைப் பார்த்தாள். "ஓனர் பிரையன் அந்தோணிராஜ். சிங்கப்பூர்ல இருக்காரு. அவருதான் ஆன்லைன்ல அப்ளை பண்ணியிருக்காரு. உள்ள இருக்கிற ஆளு ரெண்டு பேரு. வயசானவங்க."

"பிரையன் என் பையன்."

"ஆமா சார். ஓனர்."

அந்தோணிராஜ் சிரித்துக்கொண்டே மகனுக்குப் போன் செய்தார். "டேய் பிரையன், என்னாடா இது தமாஷு?" என்றார்.

"அப்பா, சும்மா ஒரு ப்ரொசீஜர் பா. டென்ஷன் ஆகாதீங்க. அவங்க கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க, போதும். மீட்டிங்ல இருக்கேன்," என்று அவன் வைத்துவிட்டான்.

சிவப்பு என்றால் என்ன என்று இப்போது அந்தோணிராஜுக்குத் தெரியும். எப்படியாவது பச்சை வாங்கிவிடவேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் அகதாவிடம் அதைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. வீடு பார்க்க வந்திருக்கிறார்கள் என்றதும் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டியதைக் காட்டினாள். டிங். அந்தத் தரை ஓடெல்லாம் இவரே பதித்தது என்றாள். டிங். முன்வாசலில் சின்னக் குகை மாதிரி கெபி கட்டி வைத்திருந்த மாதாவைக் காட்டினாள். அக்டோபர் மாசம் ஜெபமாலைக்குத் தாமானே இங்கேதான் கூடும், இந்துப் பிள்ளைகளும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றும், போன வருஷம் பாதிரியாரே வந்தார் என்றாள். ராகினி பாதிரியார் பேரைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"சிலை தரையோட சேர்த்துக் கட்டினதா, தூக்கலாமா?" என்று தனபாலன் கேட்டார்.

"சிமெண்ட் போட்டுக் கட்டினது தம்பி. அசைக்க முடியாது," என்றாள் அகதா பெருமையாக. டேப்லெட் நீளமாக ஒரு மணி அடித்தது.

"எனக்கு இந்த வீட்டைப் பிடிக்கவே பிடிக்காது," என்று அந்தோணிராஜ் திடீரென்று சத்தம் போட்டார்.

அகதா திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா. வெயில் அடிக்குது. கொசு. அக்கம்பக்கம் ஒண்ணும் சரியில்ல. எப்படா போவோம்னு இருக்கு."

"குரல் நடுங்குது," என்றாள் ராகினி. டிங்.

"சுவரைத் தடவிக்கிட்டே பேசுறாரு, கவனிச்சீங்களா?" என்றார் தனபாலன். டிங். அந்தோணிராஜ் சுவரிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கதவுப் பிடியில் வைத்தார். அதற்கும் மணி அடித்தது.

சிவப்பு போதவில்லை. அந்த வீட்டுக்காகச் சங்கம் அவசரமாகக் கூடி ஊதா என்று ஒரு புது நிறத்தை உருவாக்கியது. ஆண்டுக் கூட்டத்தில் அந்தோணிராஜை மேடைக்கு அழைத்து, பிஸ்கட்டும் மைலோவும் வைத்துக் கட்டிய கூடை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அவர் போயிருக்கக்கூடாதுதான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், கால் தானாக நடந்துவிட்டது.

"நம்ப அங்கிள் நம்ப சங்கத்து ஆளு," என்று தனபாலன் ஒலிபெருக்கியில் சொன்னார். "ஆனா சங்கத்துல பாகுபாடு கெடையாது. சொந்தக்காரன், அந்நியன், தாய், தகப்பன், எல்லாரும் எங்களுக்கு ஒண்ணுதான். எல்லாரையும் வெளியாக்க முடியும்னுதான் நாங்க நம்புறோம். இந்த நம்பிக்கையைக் குடுத்தது யாரு? இவரோட மகன். அப்பாவையே சோதனைக்கு அனுப்ப எவ்வளவு பெரிய மனசு வேணும்! நம்ப சமுதாயம் முன்னேறிடுச்சுன்னு நான் அன்னைக்குத்தான் நம்பினேன்." கைத்தட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. சட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அந்தோணிராஜ் இறங்கினார். கூடையை யாரோ ஓடிவந்து காரில் வைத்தார்கள்.

அடுத்த வாரம் பிரையன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். கூட மனைவி ஷெர்லீனும் வந்தாள். அவள் கைப்பேசியில் ஜொகூர் பாருவில் கட்டுகிற ஒரு அடுக்குமாடியின் படங்களை மாமியாருக்குக் காட்டினாள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கூரைமேல் தோட்டம். "ரொம்ப அழகா இருக்கு," என்றாள் அகதா. "எத்தனை ரூமு?"

"ரெண்டு, ஆன்ட்டி. ஒண்ணு பிரையனுக்கு ஆபீஸ் ரூம்."

அகதா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்களுக்கு இங்கயே சின்னதா ஒரு வீடு வாடகைக்குப் பார்த்துத் தர்றேன் பா," என்றான் பிரையன். "ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மூலை வீடு? இப்ப வித்தா நல்ல வெலைக்குப் போகும். ஆனா வாங்குற ஆளு ரிப்போர்ட் கேக்குறாங்க. ஊதான்னு வந்தா யாரு வாங்குவா?"

"டேய். என் சேமநிதிக் காசுடா இது. உன் பேர்ல போட்டது பேங்க் எனக்குக் குடுக்கலைன்னு. உன்னை நம்பிப் போட்டேன்டா."

"தெரியும் பா. அதுக்குன்னு சென்டிமென்ட்டா பேசாதீங்க. ரிப்போர்ட்ல அதைத்தான் முதல் பாயிண்டா போட்டிருக்காங்க."

வீடு போகிறதே என்பதைவிட, தன்னை அளந்து பார்க்க ஆள் அனுப்பியது இவன்தான் என்பது அந்தோணிராஜின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. தோட்டத்தை விற்ற முதலாளியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதனால் அவனைத் திட்ட முடிந்தது. இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆலயத் திருவிழாவில் நின்றிருக்கிறார், இவனை எப்படித் திட்டுவது? இந்திராதேவியின் முகம் ஞாபகம் வந்தது. அவள் திரும்பிக்கொண்டது எவ்வளவு நியாயம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வாங்குகிறவர்கள் வந்தார்கள். நளினி என்று ஒரு ஆசிரியை, அவள் கணவன். கூடவே ராகினி மறுமதிப்பீட்டுக்கு வந்திருந்தாள். அதற்கு முன்னால் பிரையன் அப்பாவையும் அம்மாவையும் கூடத்தில் உட்காரவைத்துக் கெஞ்சினான். "ஒண்ணே ஒண்ணு பா. அப்பா அம்மா இருக்கிற வீடுன்னா அவங்க பயப்படுவாங்க, பின்னாடி கேஸ் கீஸ்னு போகும்னு. வாடகைக்கு இருக்கிறோம்னு மட்டும் சொல்லுங்க. ஒரு அரை மணி நேரம். எனக்காக மா." அகதா பதில் சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நளினி நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், சமையலறையைப் பார்த்து வாயைப் பிளந்தாள், மாதா முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். வாங்குவதற்கு ஆசை இருந்தது, மனசுக்குள் ஏதோ இடறியது. கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் அவளால் தாண்டிப் போக முடியவில்லை.

"இவங்க?" என்று பிரையனிடம் கேட்டாள்.

"டெனன்ட்ஸ்," என்றான் பிரையன்.

அவள் அகதாவின் அருகில் வந்து குனிந்தாள். "ஆன்ட்டி, நாங்க வாங்கினா நீங்க எங்க போவீங்க? உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

அந்தோணிராஜ் மனைவியைப் பார்த்தார். அகதா மகனைப் பார்த்தாள். அவன் சுவர் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் பார்வை அவன் முகத்திலேயே நின்றது. ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் காத்திருந்தது அந்தோணிராஜுக்குத் தெரிந்தது. இருமினால்கூடப் போதும். நளினிகூட அவனைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நேரம் போயிற்று.

"இல்லம்மா," என்றாள் அகதா. "எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல."

ராகினியின் முகம் மலர்ந்தது. "பிள்ளைங்க இல்லன்னா கேக்க யாரும் வர மாட்டாங்க. இது பெரிய பாயிண்ட்," என்று மளமளவென்று தட்டினாள். ஊதா சிவப்பானது, சிவப்பு மஞ்சளானது.

அந்தோணிராஜுக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், உங்களுக்குத்தான் தெரியுமே," என்றார்.

"சொல்றதைத்தான் நாங்க எடுத்துக்குவோம் சார். உண்மையா பொய்யான்னு பார்க்கிறது எங்க வேலையில வராது," என்று சொல்லிவிட்டு, அவள் டேப்லெட்டைத் திருப்பிப் பிரையனிடம் காட்டினாள். திரை பச்சையாக இருந்தது.

அம்மா சொன்னது அவன் காதில் விழவில்லையோ என்று அந்தோணிராஜ் ஒரு கணம் நினைத்தார். விழுந்திருந்தது. அவன் கண் லேசாகக் கலங்கியும் இருந்தது. ஆனால் அந்தப் பச்சையைப் பார்த்ததும் கட்டியிருந்த கை தளர்ந்தது, நெஞ்சு இறங்கி ஒரு பெருமூச்சு வந்தது. வாங்குகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு அடி முன்னால் வந்து, அகதாவுக்கு நேராகக் குனிந்து, மரியாதையாகச் சிரித்தான்.

"தேங்க்ஸ், ஆன்ட்டி," என்றான்.